பறக்கும் ஹீரோவும் ஒட்டாத ஷாட்டுகளும்

சினிமாவில் கன்டின்யூட்டி பார்க்கும் உதவி இயக்குநரின் வேலை சாப்பாட்டில் உப்பு மாதிரி. சரியாக இருந்தால் ஒருத்தரும் பேசமாட்டார்கள், தப்பினால் ஊரே பேசும். முதல் ஷாட்டில் இடது கையில் இருந்த டீ கிளாஸ் அடுத்த ஷாட்டில் வலது கைக்குத் தாவிவிட்டால் அந்தப் பாவம் என் தலையில்தான் விடியும். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், எண்ணூர் பக்கம் எடுத்த பறக்கிற ஹீரோ படம் ஒன்றில் அந்த வேலை பார்த்தேன். படத்தின் பெயர் வேண்டாம். பார்த்தவர்கள் மறந்திருப்பீர்கள். காசு கொடுத்து வாங்கிய தலைவலியை நான் எதற்குக் கிளற வேண்டும்?

முகமூடிக்குள் யார்?

எங்கள் ஹீரோ குளோசப்புக்கு மட்டும் வருவார். எண்ணூர்த் தூசி அவருக்கு ஆகாது. ஓடுவது, குதிப்பது, அடி வாங்குவது எல்லாம் டூப் தேசப்பன். திருவொற்றியூர் குப்பத்துக்காரர், விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்கும், உயரத்துக்குப் பயப்படாத ஆட்கள் சும்மா இருப்பார்கள் என்று யோசித்தே தயாரிப்பாளர் அந்த நேரத்தில் படப்பிடிப்பு வைத்தார். அதில் அவருக்கு ஏகப் பெருமை.

முகமூடியோ ஹீரோவின் முகத்துக்கு அளவெடுத்துச் செய்தது. தேசப்பன் போட்டால் ஒரு ஓட்டையில்தான் கண் பொருந்தும், இன்னொரு கண்ணுக்கு வெறும் பைபர்தான் தெரியும். டைரக்டரிடம் சொன்னேன். ஓட்டையைப் பெரிதாக்கினால் குளோசப்போடு ஒட்டாது என்று என் தொழிலையே எனக்குப் பாடம் எடுத்தார். தேசப்பன்தான் என்னைச் சமாதானப்படுத்தினார். "வுடு சார். தடை முடிஞ்சா நான் கடலுக்குப் பூடுவேன், அங்க ரெண்டு கண்ணும் வேணும். இங்க ஒன்னு போதும்."

மூன்று சிவப்பு

ஹீரோ முதுகில் பறக்கும் சிவப்புத் துணி யானைக்கவுனியில் வாங்கியது. ஒன்றே ஒன்று. அனல்மின் நிலையச் சாம்பலும் உப்புக்காற்றும் பட்டு அழுக்கேறியதும், காஸ்ட்யூமர் அதை அந்த ஊர் போர்வெல் தண்ணீரில் சலவை சோடா போட்டு ஊறவைத்தார். ரோஸ் கலராக வெளியே வந்தது. பயந்துபோய் மறுபடி சாயம் ஏற்றினார், செங்கல் கலராகிவிட்டது.

ஒரே சண்டையில் ஹீரோ சிவப்பில் எகிறி, ரோஸில் உதைத்து, செங்கல் கலரில் தரையிறங்கினார். திரும்ப எடுக்கலாம் என்று கெஞ்சினேன். ஃபிலிம் இல்லை. டைரக்டர் என் தோளில் கைபோட்டுச் சொன்னார்: "யோவ், ஒருத்தன் பறக்கிறான்னு நம்புறவன், துணி சாயம் போறத நம்பமாட்டானா?"

விஷப்புகை

வில்லன் ஊர்மேல் விஷப்புகையை விடப்போகிறான், ஹீரோ தடுக்க வேண்டும். இவ்வளவுதான் கதை. பின்னணியில் நிஜப் புகைபோக்கிகள். வில்லன் பேசியதைக் காலையிலும் ஹீரோ பதில் சொன்னதைச் சாயங்காலமும் எடுத்தோம். காலையில் கடலைப் பார்த்துப் போன புகை சாயங்காலம் ஊரைப் பார்த்துத் திரும்பிவிட்டது. ஒரு கேள்வி, ஒரு பதில். அதற்குள் புகை யூ டர்ன். நான் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருந்தேன்.

"நான் இருக்கும்வரை இந்த மண்ணைப் புகை தீண்டாது!" என்று ஹீரோ முழங்கியபோது, தேசப்பனுக்குச் சோறு கொண்டுவந்திருந்த அவர் மனைவி செல்விக்கு இருமல் வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. டைரக்டர் முறைத்தார். இருமி முடித்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்: "நாங்க பொறந்ததுலேர்ந்து இந்தப் பொகையிலதான் கீறோம். உங்காளு இம்மாம் நாளா எங்க போயிருந்தான்?"

தள்ளி வைத்த பெட்டிகள்

பாழடைந்த கிடங்கு ஒன்றின் மாடியிலிருந்து ஹீரோ விழவேண்டும். விழுந்த வேகத்தில் எழுந்து தோளைத் தட்டிவிட வேண்டும். எழுவதை மட்டும் ஹீரோ முன்பே வந்து நடித்துக் கொடுத்துவிட்டார். விழுவது பாக்கி. இதற்குக் கீழே காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி, மேலே மெத்தை போடுவது வழக்கம். தேசப்பன் மாடி விளிம்பில் நின்று, முகமூடி போடும் முன்பே இரண்டு கண்ணாலும் பெட்டிகளைப் பார்த்து, குதிக்க வேண்டிய இடத்தில் ஒரு செங்கலை வைத்துக்கொண்டார். பிறகு மாட்டிக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் கேமராமேன், பெட்டியின் மூலை ஃபிரேமில் தெரிகிறது என்றார். ஆட்கள் பெட்டிகளை இழுத்துத் தள்ளி வைத்தார்கள். மேலே நிற்பவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் கத்தினேன். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன, எனக்கே என் குரல் கேட்கவில்லை. படியேறி ஓடினேன். பாதிப்படியில் இருக்கும்போதே கீழே வெள்ளைத் துணியை ஆட்டிவிட்டார்கள். எங்கள் படத்தில் 'ஆக்ஷன்' என்பதற்கு அதுதான் சைகை.

தேசப்பன் செங்கல் வைத்த இடத்திலிருந்து சரியாகத்தான் குதித்தார். பாதி உடம்பு பெட்டியில் விழுந்தது, பாதி சிமென்ட்டில். புரொடக்ஷன் வேனில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். டைரக்டர் அழுதார், பொய்யில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமராமேனைப் பார்த்தார். அவர் தலை குனிந்தபடி சொன்னார்: "ஷாட் ஓகே சார். ஒன் மோர் வேணாம்."

தொப்பை வந்த ஹீரோ

மிச்சத்துக்கு ஃபைட் மாஸ்டரின் கையாள் வந்தார். குள்ளம், தொப்பை. உடுப்பின் முதுகைக் கிழித்து ஊக்கு குத்தினோம். ஹீரோ ஒல்லியாக ஒரு கதவுக்குள் நுழைந்து தொப்பையோடு வெளியே வருவார்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடுப்பெலும்பும் காலும் உடைந்திருந்தன. கட்டை ஊன்றி நடக்கலாம், ஆடுகிற படகில் இனி நிற்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். தடைக்காலம் முடிந்து படகுகளுக்கு ஐஸ் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் படத்தைப் பற்றித்தான் பேசினார். "புச்சா வந்தவருக்காச்சும் முகமூடில ஓட்டைய பெர்சா வெட்டிக் குடு சார். பாவம், அவரும் ஒத்தக் கண்ணுல வுழப்போறாரு."

கைதட்டல்

படத்தைத் திருவொற்றியூரில் ஒரு தியேட்டரில் பார்த்தேன். மூன்று சிவப்புக்கும் சிரித்தார்கள். புகைக்குச் சிரித்தார்கள். தொப்பைக்கு விசில் அடித்தார்கள். என்னைப்போல் அடுத்தவன் படத்துக்கு உழைத்து அடி வாங்கியவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு சிரிப்பும் எங்கே வலிக்கும் என்று. எனக்கு முன் வரிசையில் தேசப்பனும் செல்வியும். அவருடைய கட்டை சீட்டுக்கடியில் கிடந்தது.

அந்த மாடி வந்தது. உடம்பு விழுந்தது. தியேட்டரில் சத்தமே இல்லை. அடுத்த ஷாட்டில் ஹீரோ எழுந்து தோளைத் தட்டினார். அத்தனை பேரும் கைதட்டினார்கள். தேசப்பனும் தட்டினார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. செல்வி தட்டவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். "வுழுந்தது எங்க வூட்டு ஆளு, எழுந்து நிக்கறது உங்காளா? தப்பு கண்டுபுடிக்கறதுதான சார் உன் வேலை? இத்த எப்டி வுட்டே?"

என்ன செய்வது, படம் முழுக்கத் தேடினாலும் பிசிறில்லாமல் கச்சிதமாக ஒட்டியிருந்தது அந்த ஒரு இடம்தான்.