தொப்பி போட்ட போத்தல்

போன சனிக்கிழமை பின்னேரம் ஒரு வைன் போத்தலை என் கட்டிலில் படுக்க வைத்தேன். இறகுப் போர்வையால் மூடி, பக்கத்தில் சுடுதண்ணீர்ப் பையும் வைத்தேன். கழுத்து மட்டும் வெளியே தெரிந்தது. பாவமாக இருந்தது... என் கம்பளித் தொப்பியையும் மாட்டிவிட்டேன்.

சிரிக்காதேங்கோ. வாராவாரம் என் பயங்களைப் படிக்கிறவர்களுக்கு இது புதிதா என்ன?

மனுவெல், ஃபாக்டரியில் என் பக்கத்து மெஷினில் நிற்கிற போர்த்துக்கல்காரன். நான் பழக்கிய 'அண்ணை' ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த தமிழ்; மற்றப் பேச்செல்லாம் ஜெர்மனில்தான். ஃபோர்மனையும் அப்படித்தான் கூப்பிடுகிறான். ஜெர்மனியின் ஹம் நகரத்தில் எனக்கு இது இரண்டாவது குளிர்காலம். என்னைத் தேடி வரும் முதல் விருந்தாளி அவன்தான். ஆகையால் அவன் நாட்டுச் சிவப்பு வைனே வாங்கினேன் — கடையின் அடித்தட்டில் இருந்த மலிவான போத்தல். மலிவு என்று கோபிப்பானோ?

அது போதாதென்று, "அண்ணை, அது குளிரக் கூடாது, அறைச் சூட்டில இருக்க வேணும்" என்றும் சொல்லியிருந்தான்.

எந்த அறையின் சூடு? கரி மிச்சம் பிடிக்க, அவன் வரும்போதுதான் அடுப்பு மூட்டுவதாக இருந்தேன். ஜன்னலின் உட்பக்கத்திலேயே பனி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குப் போர்வையைத் தவிர வேறென்ன தோன்றும்?

கதவு தட்டும் சத்தம். வீட்டுக்கார அம்மா. குடிவந்த அன்றே அவர் சொன்ன சட்டம் ஒன்றுதான் — வேறு ஆளை அறையில் படுக்க வைத்தால் அடுத்த நாளே வெளியே. இந்தக் குளிரில் வெளியே போய் எங்கே நிற்பது?

"புகையைக் காணேல்லை. விறைச்சுப் போனீரோ எண்டு பார்க்க வந்தனான்" என்றவரின் கண், தலையணையில் கிடந்த தொப்பிக்குப் போனது.

"ஆர் அது?"

எனக்கு ஜெர்மன் மறந்துபோனது.

"எழுப்பும்."

"ஏலாது... எழும்பாது."

"சுகமில்லையோ?"

"குளிர் பிடிச்சிடும் எண்டுதான்..."

போர்வையை இழுத்தார். அவர் முதுகுக்குப் பின்னால், படியேறி வந்த மனுவெல். போத்தலைப் பார்த்தான், தொப்பியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அண்ணை, தாலாட்டும் பாடினீங்களோ?"

வீட்டுக்கார அம்மா கட்டிலில் குந்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் போத்தல் உருண்டது. மனுவெல் பாய்ந்து பிடித்தான். "முதல்ல அடுப்பை மூட்டும்" என்று எனக்குக் கட்டளை போட்டுவிட்டு, வீட்டுக்கார அம்மாவே மூன்று கிளாஸோடு திரும்பி வந்தார்.

முதல் வாய் நாக்கைக் கொஞ்சம் இழுத்தது. பிறகு... நாவற்பழம் தின்ற சுகம். காது சூடானது. "வீட்டிலயும் இதைத்தான் குடிக்கிறனாங்கள்" என்றான் மனுவெல். என் கவலைகளைத் தேடிப் பார்த்தேன், ஒன்றையும் காணவில்லை. கவலைக்கும் குளிரான அறைதான் பிடிக்கும்போல.

மூன்றாவது கிளாஸில் வீட்டுக்கார அம்மா சட்டத்தைத் திருத்தினார். போத்தலைக் காட்டி, "இந்த ஆள் எப்ப வேணுமெண்டாலும் இஞ்ச படுக்கலாம்."

வைனுக்குக் குளிர் பிடிக்கவே இல்லை. தொப்பியைக் கொடுத்த எனக்குத்தான் — இன்னும் தும்மலும் தடிமனும்.