காத்திவாக்கத்தில் ஒரு நீல அருங்காட்சியகம்

திருவொற்றியூர் கோயிலைப் பற்றி எழுதியாயிற்று, காசிமேட்டு மீன் ஏலத்தைப் பற்றியும் எழுதியாயிற்று. "எண்ணூர் பக்கம் மீனவர்களே நடத்தும் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறதாமே, போகவில்லையா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும்தான் அது தினமும் திறந்திருக்குமாம். மற்ற மாதங்களில் அதை நடத்தும் மீனவர் சங்கத்துக்காரர்கள் பிழைப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆகவே மே மாத வெயிலில், ஒரு செவ்வாய்க்கிழமை, லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், இது சந்தோஷமான கட்டுரை இல்லை.

தாம்பரத்திலிருந்து காத்திவாக்கத்துக்கு நேராகவே டிக்கெட் எடுக்கலாம், பத்து ரூபாய். பீச் ஸ்டேஷனில் இறங்கி கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாற வேண்டும். அந்த வண்டி அடிக்கடி கிடையாது. நான் ஐம்பது நிமிடம் பெஞ்சில் வெந்தேன். ராயபுரம் தாண்டியதும் ஜன்னல் வழியாகக் கருவாட்டு வாசனை, விம்கோ நகருக்கு மேல் ரசாயன நெடி. அதன் பிறகு மூக்கு மரத்துப்போகிறது.

காத்திவாக்கத்தில் இறங்கி ஆட்டோக்காரரிடம் மியூசியம் என்றேன். "மியூசியமா? இன்னாக்கா, காலங்காத்தால காமெடி பண்றே?" என்றார். வாசகி எழுதியிருந்தபடி ஜெயசீலி அக்காவின் சங்கம் என்றதும் முகம் மாறியது. "அத்த முன்னாடியே சொல்லக் கூடாதா? குந்து." ஒன்றரை கிலோமீட்டர், ஐம்பது ரூபாய். பேரம் பேசவில்லை.

அருங்காட்சியகம் என்பது ஒரே ஒரு அறை. பழைய படிப்பகத்தின் முன்பகுதி. உள்ளே நுழைந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டேன். எல்லாமே நீலம். நங்கூரம் நீலம். ஆலைச் சங்கு நீலம். மீன் நிறுக்கும் இரும்புத் தராசு, படகுப் பலகைகள், அரிக்கேன் விளக்கு எல்லாம் ஒரே பளபள நீலம்.

"ஷோக்கா கீதா?" என்று கேட்டபடி வந்தவர் ரபீக் பாய். தண்டையார்பேட்டைக்காரர், வாழ்நாள் முழுக்கப் படகுக்குப் பெயிண்ட் அடித்தவர். தடைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றிப் புதுசாக்குவார்கள் அல்லவா, அதில் மிஞ்சும் பெயிண்ட்டை இந்தப் பொருட்களுக்கு அடிப்பது சங்கத்தின் வழக்கம். அந்த வேலை முழுக்க அவருடையது. "உப்புக் காத்தும்மா. பெயிண்ட் இல்லாம வுட்டா ரெண்டே வருசத்துல இரும்பு தூளாப் பூடும்." அதுவும் சரிதான் என்று தலையாட்டினேன்.

சங்கத்தின் செயலாளர் ஜெயசீலி அக்கா காசிமேட்டில் மீன் ஏலம் விட்டவர். அந்தக் குரல் இன்னும் அப்படியே இருக்கிறது. அன்று அதை அடக்கிப் பேசினார். "நல்ல நாளு பார்த்து வந்துகீறேம்மா. இன்னிக்கு ஆபீசர் வர்றாரு." அடுத்த மாதம் படிப்பகத்தை இடிக்கிறார்கள். புதிதாகக் கட்டியிருக்கும் சமுதாயக் கூடத்தில் ஓர் அறை தருவார்கள், ஆனால் இதெல்லாம் மெய்யாகவே பழம்பொருள் என்று தொல்லியல் துறையிலிருந்து வரும் அந்த அதிகாரி எழுதித் தர வேண்டும். வேறு இடமும் கிடையாது, வாடகைக்கு வழியும் கிடையாது.

அதிகாரி பதினொன்றரைக்கு வந்தார். நல்ல மனிதர். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். திட்டுவதற்குத் தோதாகக்கூட இல்லை.

தராசைக் குனிந்து பார்த்தார். "கம்பெனி பேரு, வருஷம் ஏதாவது பொறிச்சிருந்துதா?"

"இருந்திச்சி சார். சொரசொரன்னு கெடந்திச்சி. பட்டி வெச்சி சமமாக்கிட்டேன்" என்றார் ரபீக் பாய், பெருமையாக.

அக்கா அவசரமாகச் சுவரில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிக் கொண்டுவந்தார். ஒரு குறுக்குத் தெருவின் பெயர், நீலத்தின் மேல் வெள்ளையில், முத்து முத்தான எழுத்தில் இருந்தது. "இது நான் பொறந்த தெரு சார். கடலு கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுச்சி. கடசீல இந்த போர்டுதான் மிச்சம்."

அதிகாரியின் முகத்தில் முதன்முறையாக ஆசை தெரிந்தது. "பீங்கான் பூச்சு போட்ட பலகையாம்மா? அடியில அந்தப் பழைய எழுத்து இருந்தா போதும். இது ஒண்ணை வெச்சே எழுதித் தந்துடலாம்." சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தார்.

"வாணாம் சார், அடியில ஒண்ணியும் இருக்காது" என்றார் ரபீக் பாய். "நம்ப வேல சுத்தமா இருக்கும். போன வருசம் மூணு நாளு உப்புத்தாளு போட்டுத் தேச்சேன். பழச ஒரு பொட்டு வுடல."

அவர் வாயைப் பொத்திவிடலாமா என்றிருந்தது எனக்கு. அதிகாரி கத்தியை மடக்கினார். அதைப் பார்த்த பிறகுதான் பாய்க்குப் புரிந்தது. "இன்னா சார்?" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "இன்னாக்கா?" என்றார்.

"உங்க உழைப்பு தெரியுது. ஆனா போன வருஷம் எழுதின எழுத்தைப் பழசுன்னு நான் எப்படிம்மா கையெழுத்துப் போட முடியும்?" என்றார் அதிகாரி. தெரு எங்கே இருந்தது என்று மட்டும் கேட்டார். அக்கா ஜன்னல் வழியாகக் கடலைக் காட்டினார். அதிகாரி அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நானே கொன்னுட்டேன்க்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பலகையை மடியில் வைத்திருந்த அக்கா எழுந்துபோய் மூலையிலிருந்த பெயிண்ட் டப்பாவைக் கொண்டுவந்து பாய் முன்னால் வைத்தார்.

"இனிமே அத்த நான் தொட மாட்டேன்."

"தொடாம வுட்டா? வலைக்கூடத்துக்குப் பின்னால மணல்லதான் எல்லாம் கெடக்கப் போவுது. ஒரு மழைக்குத் தாங்குமா? அடி பாய். போர்டுக்கு ரெண்டு கோட்டிங் குடு."

அடித்தார். அழுதுகொண்டே, ஒரு சொட்டுச் சிந்தாமல் அடித்தார். பலகையில் இருந்த தெருப் பெயரும் நீலத்துக்குள் மறைந்தது. டப்பாவை நான் பிடித்துக்கொண்டேன். மூன்று மணி வண்டியைத் தவறவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஜூன் பாதிக்குள் போங்கள், அதற்குப் பிறகு ஆட்கள் கடலுக்குப் போய்விடுவார்கள். குடிநீர் கையோடு எடுத்துப் போங்கள். ஸ்டேஷன் பக்கத்தில் சாப்பாட்டுக்கு நல்ல கடை என் கண்ணில் படவில்லை. கட்டணம் இல்லை, உண்டியலில் விருப்பப்பட்டதைப் போடலாம். அறையைத் தேடாதீர்கள், அது இருக்காது. மீனவர்கள் வலை பின்னும் வலைக்கூடத்தைக் கேட்டுப் போங்கள், பின்னால் மணலில் எல்லாம் நீலமாக நிற்கும். உற்றுப் பார்த்துப் பயனில்லை, எதிலும் எதுவும் எழுதியிருக்காது. எது என்ன, யாருடையது என்று ஜெயசீலி அக்கா சொல்வார். அவர் இருக்கும்போதே போய்விட்டு வந்துவிடுங்கள்.