என் எண்ணெய்ப் புட்டியில் உள்ள கப்பல்

குற்றாலத்து எண்ணெய்க்கு அருவிப் படம் போடாமல் கப்பலை எதற்குப் போட்டீர் என்று என்னைக் கேட்காத ஆள் தென்காசியில் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பாதி சொல்லி அனுப்பினேன். முழுவதும் இங்கே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுத்து இது. பிழை இருக்கும், பொய் இருக்காது.

மேலகரத்தில் பிறந்த நான் பதினைந்து வயதில் குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்க்கப் போனேன். என் கை பட்ட உடம்பு இன்னொரு கைக்குப் போகாது. பெரிய பெரிய வக்கீல்கள் எனக்காகப் பாறையில் துண்டோடு காத்துக் கிடந்தார்கள். ஆனால் சீசன் மூன்று மாதம், வயிறு பன்னிரண்டு மாதம். பினாங்குக்குப் போய்த் துறைமுகத்தில் சுமை தூக்கினேன். கொஞ்ச காலத்தில் ஜப்பான்காரன் வந்துவிட்டான், ஊருக்குத் திரும்பும் வழி அடைபட்டது.

அவர்கள் ஆட்சியை நான் மெச்சவில்லை. நம் ஆட்களை சயாம் ரயில் பாதைக்கு இழுத்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். மெச்சுவது ஒரு கப்பலை. நாசகாரி என்கிற வகை. ஒல்லியாக, இரண்டு புகைபோக்கியோடு, பெரிய கப்பல்களுக்குக் காவலாக ஓடும். ஏறக்குறைய என் வயதுதான் அதற்கும், இருபது தாண்டியிருக்கும். கப்பலுக்கு அது கிழட்டு வயது. புதிதாகக் கட்டியவை ஒவ்வொன்றாக முழுக, அந்தக் கிழடு மட்டும் ஒவ்வொரு தடவையும் கரைக்கு வந்து சேர்ந்தது.

அது காவலுக்குப் போன பெரிய போர்க்கப்பல் ஒன்றில் தங்கப்பல் கட்டிய கொதிகலன்காரர் ஒருவர் இருந்தார். ஒரு சிப்பாய் என்னைக் கன்னம் கன்னமாக அறைந்தபோது கையைப் பிடித்துத் தடுத்தவர் அவர். மூட்டை இறக்கும்போது விரலைக் காட்டி அவர்கள் பாஷையில் எண்ணக் கற்றுக்கொடுத்தார். இச்சி, நி, சன். மூன்று வரை ஒரே நாளில் படித்தேன், ஏழுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

ஒருநாள் இரண்டு கப்பலும் சேர்ந்து போயின. சின்னது மட்டும் திரும்பியது. பெரியதை வெள்ளைக்காரன் மூழ்கடித்துவிட்டான். சின்னதுக்கும் அடிதான். ஆனாலும் எதிரி எங்கே நிற்கிறான் என்று தெரியாத கடலுக்குள் மறுபடி நுழைந்து, மிதந்தவர்களைப் பொறுக்கி ஏற்றி வந்திருக்கிறது. தளத்தில் கால் வைக்க இடமில்லை. அத்தனை பேரும் தலைமுதல் கால்வரை கப்பல் எரிக்கிற கறுப்பு எண்ணெயில் தோய்ந்து, ஆளுக்கு ஆள் அடையாளம் தெரியாமல் கிடந்தார்கள். தங்கப்பல்லை வைத்துத்தான் அவரைக் கண்டுபிடித்தேன். இரண்டு கண்ணும் ஒட்டிப்போய், தடவித் தடவி நடந்தார்.

அவர்களுடைய ஆட்கள் சோப்பும் மண்ணெண்ணெயும் போட்டுத் தேய்த்தார்கள். தோல்தான் உரிந்தது. அவர் முகத்துக்கும் மண்ணெண்ணெய்த் துணி வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பலாப்பழம் அறுக்கிற ஊர்க்காரனுக்குத் தெரியாதா? பிசின் பட்ட கையை யாராவது சோப்புப் போட்டுக் கழுவுவானா? சமையலுக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொண்டு ஓடினேன். எங்கள் கங்காணி கீழப்பாவூர்க்காரர், குறுக்கே நின்றார்.

"ஏலே, கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? அவன் கண்ணு போச்சுன்னா ஒன் தல போவும்லே."

"போனா என் தலதான அண்ணாச்சி. எண்ணெய எண்ணெய்தான் எடுக்கும். வழிய விடும்."

அதிகாரி ஒருவன் வாள் பிடியில் கை வைத்தபடி என் பின்னால் வந்து நின்றான். எண்ணெயை இளஞ்சூடாக்கி, இமைமேல் பஞ்சால் ஒற்றி, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக, ஒவ்வொரு மயிராக வழித்தேன். சீயக்காய் ஏது அங்கே? மரவள்ளி மாவில் துடைத்தேன். இமை பிரிந்தது. உள்ளே ஒரே சிவப்பு. பார்வை தெரிகிறதா என்று பார்க்க அவர் முகத்துக்கு நேரே மூன்று விரலை நீட்டினேன்.

கண்ணைச் சுருக்கி விரல்களைப் பார்த்து, "சன்" என்றார்.

அதிகாரி பிடியிலிருந்து கையை எடுத்து, அடுத்த ஆளைக் காட்டினான். அன்று பொழுது சாய்கிறவரை அத்தனை முகமும் என் கையில்தான். வாள் வைத்தவனே எண்ணெய் டின் தூக்கி வந்து கொடுத்தான்.

சண்டை முடிந்ததும் அந்தக் கப்பலின் பீரங்கிகளைக் கழற்றிவிட்டார்கள். அப்புறம் அதற்கு ஒரே வேலை, அங்கங்கே கிடந்த அவர்கள் ஆட்களை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. கடைசியில் தரைதட்டி நின்ற வேறொரு கப்பலுக்கு உதவப் போய், தானும் தட்டி அங்கேயே முடிந்ததாம். துறைமுகத்தில் சொன்னார்கள். கேட்டதும் கங்காணி அண்ணாச்சி தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார்.

ஊர் திரும்பி எண்ணெய் காய்ச்ச ஆரம்பித்தபோது, தென்காசியில் படம் எழுதுகிறவரிடம் லேபிளுக்குக் கப்பல் போடச் சொன்னேன். நாலு பீரங்கியோடு வரைந்து வந்தார். அழிக்கச் சொன்னேன்.

"பீரங்கி இல்லாத போர்க்கப்பல் எங்கன இருக்கு அண்ணாச்சி?"

"நான் பாத்திருக்கேன். அந்த எடத்துல ஆளுகளப் போடும்."

தளம் நிறையப் புள்ளி புள்ளியாக ஆட்களை வைத்தார். முன்னால் நிற்கிற ஒருவருக்கு மட்டும் கண் எழுதச் சொன்னேன். அவரும் எழுதினார். அச்சில் அந்தக் கண் விழவில்லை. ஆனால் மூலப்படம் கடையில் என் தலைக்கு மேலே மாட்டியிருக்கிறது, வருகிறவர்கள் பார்க்கலாம்.