இன்றே கடைசி... நாளையும் உண்டு!

போன வெள்ளிக்கிழமை வந்த படத்துக்கு இந்தப் புதன்கிழமை போனேன். தியேட்டர் வாசலில் வேறு படத்தின் போஸ்டர்!

"அது நேத்தே போயிட்டே அண்ணாச்சி" என்றார் டிக்கெட் கொடுப்பவர்.

ஐந்தே நாள்! படம் வந்த அன்று வீட்டில் அரைத்த தோசை மாவு இன்னும் தீரவில்லை.

ஊரை விட்டுப் போகவே மாட்டேன் என்று படங்கள் உட்கார்ந்துகொண்ட காலமும் இருந்தது. நாற்பதுகளின் கடைசியில், எங்கள் தூத்துக்குடியில், அப்படி ஒரு படம் என் பிழைப்பையே மாற்றிவிட்டது.

அப்போது நான் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி இரண்டு வருடம். மனைவி தங்கக்கனியோடு சேர்ந்து இருந்தது நாற்பது நாள் இருக்குமா? சந்தேகம்தான்.

ஒரு மாத லீவில் வந்தேன். சொந்த ஊரான ஏரலில் அப்பா, அம்மா, சொந்தபந்தம் என்றே லீவு மொத்தமும் கரைந்தது. கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள்தான் தூத்துக்குடியில் தங்கக்கனி இருந்த மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை. பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். தங்கக்கனி ஒரு பச்சை நோட்டீஸை என் முன்னால் வைத்தாள். 'இன்றே கடைசி!'

"ஊரே பாத்துட்டு. நான் மட்டும் பாக்கல. ஒங்ககூடப் பாக்கணும்னு இருந்தேன்..."

"ஏளா, சாயங்காலம் கப்பல்லா?"

அவள் என் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு அதையே எடுத்து உதறி, மறுபடி மடித்தாள். மூன்றாவது தடவை மடித்தபோது என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

கப்பல் போயிற்று. நாங்கள் முதல் ஆட்டம் போனோம்.

மறுநாள் காலை தெருவில் கொட்டுச் சத்தம். தியேட்டர் மாட்டுவண்டி! அதே படம், அதே பச்சை நோட்டீஸ். 'இன்றே கடைசி!'

நேராகத் தியேட்டருக்குப் போய் மேனேஜரைப் பிடித்தேன். "என்னவே, ஊரை ஏமாத்துதீரா? ஒம்ம நோட்டீஸை நம்பி நான் கப்பலை விட்டுட்டேன்!"

அவர் நிதானமாக வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "கடைசின்னு போட்டாத்தானே அண்ணாச்சி கூட்டம் வருது? மூணு வாரமா அப்பிடித்தான் போடுதோம். எல்லாத் தெருவுலயும் தெனமும் நோட்டீஸ் குடுக்கோமே... வீட்டுல சொல்லலியா?"

வீட்டுக்கு வந்தேன். தங்கக்கனி அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்." தலை நிமிரவில்லை. "படத்துக்குத் தெனமும் கடைசி வருது. நீங்க போனா, திரும்பி வர ரெண்டு வருசம்லா ஆவுது?"

கோபமாகத்தான் வந்திருந்தேன். வந்த வேகத்திலேயே திரும்பி நடந்தேன். தபாலாபீசுக்குப் போய், காய்ச்சல் என்று முதலாளிக்குத் தந்தி அடித்தேன். அவரும் தங்கமான மனுஷர். உடனே பதில் வந்தது - 'நன்றாக ஓய்வெடுக்கவும். வேறு ஆள் போட்டாயிற்று.'

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. தங்கக்கனியும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மாமனார் கூட்டிக்கொண்டு போய், துறைமுகத்தில் ஒரு ஏற்றுமதி ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்த்துவிட்டார். சம்பளம் கொழும்பில் வாங்கியதில் பாதி. ஆனால் மத்தியானச் சாப்பாடு வீட்டில்!

அந்தப் படம் அதற்குப் பிறகும் ஏழு வாரம் ஓடியது. நான்தான் எங்கேயும் ஓடவில்லை.