மூன்று விமானமும் ஓர் அவுட்பாஸும்

என்கொயரி கவுண்டரில் உட்கார்ந்தவளுக்கு வானத்தைப் பார்க்க நேரம் கிடையாது. வானத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பஸ் ஸ்டாண்டிலோ ரயில்வே ஸ்டேஷனிலோ இதே வேலை பார்த்து, "ஹலோ, ஹலோ" என்றே தொண்டை கட்டிப்போன என் இனத்தவர்களே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் நான் இருந்தது தொண்ணூறுகளில். ஒரு வருஷம் சங்குமுகம் கடற்கரையில் விமான சாகசம் என்று அறிவித்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே பட்டாளத்துச் சரக்கு விமானங்கள் மூன்று, ஒவ்வொன்றும் ஒரு கல்யாண மண்டபம் அளவு, இறக்கையோடு இறக்கை இடிக்கிற மாதிரி நெருக்கிக்கொண்டு கடல்மேல் பயிற்சிக்குப் பறந்தன. ஊரே அண்ணாந்து பார்த்தது. பார்த்துவிட்டு எனக்கு போன் போட்டது.

அந்த வாரம் எனக்கு இரண்டு தலைவலி. ஒன்று அந்த போன். இன்னொன்று செல்லக்கனி. வள்ளியூர்ப் பக்கத்துக்காரி, இங்கே கட்டட வேலைக்கு வந்தவள். புருஷன் வளைகுடாவில் கொத்தனார். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்ட முதலாளியிடமிருந்து தப்பி, எப்படியோ அவுட்பாஸ் வாங்கியிருந்தான். பாஸ்போர்ட் இல்லாதவன் ஊர் திரும்பக் கொடுக்கிற ஒற்றைத் தாள் அது. "இந்த வாரம் வாரேன்" என்று சொல்லி அனுப்பினவன், எந்த நாள் என்று சொல்லவில்லை, புண்ணியவான். இறங்கினதும் போலீஸ் அள்ளிக்கொண்டு போய்விடும் என்று யாரோ இவளைப் பயமுறுத்தி வேறு வைத்திருந்தார்கள். மத்தியானம் ஆனால் சிமெண்ட் காயாத கையோடு கவுண்டர் முன்னால் நிற்பாள். "யக்கா, இன்னிக்கு வாராகளா?"

கயிறு எங்கே?

முதல் போன் வலியதுறையிலிருந்து. மீன்பிடிக்கிறவர், நல்ல கனத்த குரல். மூன்று விமானத்தையும் கரையில் நின்று பார்த்திருக்கிறார். "பயிற்சிதான் சேட்டா, பயப்பட ஒன்றுமில்லை" என்றேன். கடலில் முப்பது வருஷம் கிடந்தவரிடம் எனக்கென்ன பாடம்? எஞ்சின் கெட்ட வள்ளத்தை மற்ற வள்ளங்கள் கட்டி இழுத்து வருவதை அவர் பார்க்காததா!

கடைசியில் என்மேல் இரக்கப்பட்டு, ரகசியம் மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நடுவில உள்ளதுக்கு எஞ்சின் போச்சு, அல்லே மோளே? பரவாயில்லை. கயிறு மட்டும் நல்ல கெட்டியா இருக்கணும்னு அவங்ககிட்ட சொல்லிடு!"

நாத்தனார்

பேட்டையிலிருந்து ஒரு சேச்சி. இவருக்குப் பயமெல்லாம் இல்லை. நாளைக்கும் பறக்குமா, எத்தனை மணிக்கு, மொட்டை மாடியிலிருந்து தெரியுமா என்று கல்யாணச் சமையலுக்கு விசாரிக்கிற மாதிரி விசாரித்தார். மூன்று மணிக்கு என்றதும் குரல் சுருங்கிவிட்டது: "அய்யோ, கொல்லத்திலிருந்து நாத்தனார் வர்ற பஸ் நாலு மணிக்கல்லே வந்து எத்தும்! அதுவரைக்கும் அந்த மூணையும் கொஞ்சம் மேலேயே நிக்கச் சொல்லக்கூடாதா?"

தாளம் இல்லை

வீட்டுக்குப் போனாலாவது நிம்மதி உண்டா? வலியசாலையில் எங்கள் அடுத்த வீட்டு வெங்கிட்டு மாமா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். வருஷத்துக்கு இரண்டு தடவை பெரிய கோயில் சாமி ஆறாட்டுக்கு, அதாவது கடல் நீராட்டுக்குப் போகும்போது எங்கள் ரன்வேயை மூடிவிடுவார்கள். சாமிகள் ஏறிவரும் மூன்று கருட வாகனமும் அந்த ரன்வே மேலேயே ஊர்வலமாகப் போகும். விமானம் எல்லாம் கைகட்டிக் காத்திருக்கும். மாமா ஓர் ஆறாட்டையும் விட்டதில்லை. மூன்று விமானத்தைப் பார்த்ததும் அவருக்கு வேறென்ன தோன்றும்?

"ஒண்ணை ஒண்ணு இடிக்காம, நம்ம வாகனம் மாதிரியே ஜோராத்தான் போறது" என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டு, உடனே முகத்தைச் சுளித்தார்: "ஆனா இத்தனை சத்தம் போடறதே, அதுல ஒரு தாளம் உண்டோடி?"

வெள்ளிக்கிழமை மத்தியானம்

பயிற்சி முடியட்டும் என்று அன்றைக்கு வளைகுடா விமானத்தைக் கடல்மேலேயே சுற்றவிட்டார்கள். செல்லக்கனி வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று சரக்கு விமானங்களும் கரையைக் கடந்தன. கொஞ்ச தூரம் விட்டு அவள் புருஷன் வரக்கூடிய விமானம் இறங்க வந்தது. அவ்வளவுதான். உள்ளே ஓடிவந்து கவுண்டரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "யக்கா, மூணு பட்டாளத்து ப்ளேன் காவலுக்கு வருதே! அவுக அப்படி என்னக்கா தப்பு பண்ணிட்டாக?"

சிரிப்பு வந்தது எனக்கு. அவள் கவுண்டரை விடாமல் பிடித்திருந்ததைப் பார்த்ததும் போய்விட்டது. பயிற்சி, பயிற்சி என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே! கம்பளியும் டேப்ரிக்கார்டருமாகத் தள்ளுவண்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவனைக் காணோம். கூட்டம் கலைந்தது. அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது, நான் எடுக்கவில்லை.

எல்லோரும் போனபிறகு, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு ஒல்லியாக ஒருவன் வந்தான். உள்ளே உட்காரவைத்து விசாரித்துவிட்டு, போகலாம் என்று விட்டுவிட்டார்களாம். தரையில் இருந்தவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவள் சிமெண்ட் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "ஏட்டி, ஜன்னல் வழியா நீயும் பாத்திருக்கணும்! மூணு பெரிய ப்ளேன் சேந்து முன்னால வந்துது. பாஸ்போட்டு இல்லாதவனுக்கா இம்புட்டு வரவேற்புன்னு அழுதுட்டேன், கேட்டியா."

அந்த வாரம் நான் சொன்ன பதில் அத்தனையும் சரி, ஒருத்தரும் நம்பவில்லை. அவர்களாக நினைத்துக்கொண்டது அத்தனையும் தப்பு, எனக்கு இன்றைக்கும் ஞாபகமிருப்பது அதுதான்.