ஒரு மணி நேரம் என்று எழுதிய அக்கா

என் ஜெராக்ஸ் கடையும் அக்காவின் தையல் கடையும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. கழுத்தில் இஞ்ச் டேப் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. தெருவில் அவருக்குப் பெயரே இஞ்ச் டேப்தான். நான் மட்டும் அக்கா என்பேன். கையில் கத்தரிக்கோல் வைத்திருப்பவரிடம் மரியாதையாக இருப்பது நல்லது.

தன் தங்கை இறந்தபோது அவளுடைய ஆறு மாதக் குழந்தையை அக்கா தூக்கிக்கொண்டு வந்தார். அந்தப் பிள்ளைக்கு இப்போது ஒன்பது வயது. நடக்க வராது, பேச வராது, சிரிக்க மட்டும் தாராளமாக வரும். நகராட்சி நடத்தும் பகல் காப்பகத்தில் காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை இருப்பாள். அந்த நேரத்தில்தான் அக்காவின் மெஷின் ஓடும். அது ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

ஒரு நாள் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. காப்பகம் இனி மதியம் பன்னிரண்டு மணியோடு சரி, அதற்குமேல் நிதி கிடையாது என்று போட்டிருந்தது. காரணமும் சொல்லியிருந்தார்கள்: வீட்டார் நிரப்பிக் கொடுத்த படிவங்களின்படி, ஒரு குழந்தையைக் கவனிக்க நாளொன்றுக்குச் சராசரியாக ஒன்றரை மணி நேரம்தான் ஆகிறதாம்.

அக்கா கொதித்துப் போனார். அதிகாரிகளை வாய்க்கு வந்தபடி திட்டினார். இப்படிப் புளுகி எழுதியது எவன் என்று கேட்டார். எனக்கு வாய் சும்மா இருக்காதே. எல்லோரும் நிரப்பிய அந்தப் படிவங்களுக்கு நகல் எடுத்தது என் கடையில்தான். கோணலாக விழுந்த நகல்களைப் பின்பக்கம் எழுத வைத்திருப்பேன். அதில் ஒன்றைத் தேடி எடுத்து நீட்டினேன். 'குழந்தையைப் பராமரிக்க ஆகும் நேரம்' என்ற கேள்விக்கு எதிரே அக்காவின் கையெழுத்தில், 'ஒரு மணி நேரம்.'

“அது காலுக்குப் பயிற்சி குடுக்கிற நேரம்டா,” என்றார்.

“மத்ததெல்லாம்?”

“மத்தது என்ன? குளிப்பாட்டறது, ஊட்டறது, தூக்கறது. அதெல்லாம் பிள்ளை வளர்க்கறது. அதைப் போய் யாராவது எழுதுவாங்களா?”

எழுதவில்லைதான். காப்பகத்துக்குப் பிள்ளையை அனுப்பும் இருபத்து மூன்று வீட்டிலும் ஒருவரும் எழுதவில்லை. பேருந்து ஓட்டுநர் ஒருவர், மகனைத் தினமும் மூன்று மாடி தூக்கி ஏற்றி இறக்குபவர், 'அரை மணி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். இவர்கள் மேல் வந்த கோபம் எனக்கு அதிகாரிகள் மேல்கூட வரவில்லை.

சொன்ன பாவத்துக்கு யோசனையும் நானே சொன்னேன். ஒரு நாள் முழுக்க என்னென்ன செய்கிறாரோ அதைச் செய்த கையோடு எழுதச் சொன்னேன். பதினொரு பக்கம் வந்தது. அக்காவே அதைப் பார்த்து மலைத்துப் போனார். பிறகு வீடு வீடாகப் போய் எல்லோரையும் நகராட்சிக் கூட்டத்துக்குக் கிளப்பினார்.

கூட்டத்தில் பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். நேரம் முடிந்தால் மணி அடித்து உட்கார வைத்துவிடுவார்கள். அக்கா எழுந்ததும் முதல் வேலையாகத் தப்பை ஒத்துக்கொண்டார். “ஒரு மணி நேரம்னு எழுதினது நான்தாங்க. சரியான பதிலை இப்ப படிக்கிறேன்.”

காலை ஐந்தரைக்குப் பிள்ளையைத் திருப்பிப் படுக்க வைப்பதில் ஆரம்பித்தார். ஒவ்வொரு வாய்ச் சோறும் புரையேறாமல் இறங்கக் காத்திருப்பதை விடாமல் படித்தார். மணி அடித்தபோது தலைவாரக்கூட ஆரம்பிக்கவில்லை. சபை சிரித்தது.

ஓட்டுநர் எழுந்து, தன்னுடைய மூன்று நிமிடத்தை அக்காவுக்கே தருவதாகச் சொல்லிக் காகிதத்தை வாங்கினார். நிறுத்தங்களை அறிவிக்கும் குரலில் எட்டரை, எட்டே முக்கால் என்று படித்துக்கொண்டே போனார். அவருக்கு மணி அடித்ததும் இன்னொரு தாய் எழுந்தார். இப்படியே ஏழு பேர். ஏழாவது மணி அடித்தபோது காகிதத்தில் பிள்ளை தூங்கிவிட்டாள். அக்காவுக்கு இன்னும் இரண்டு பக்கம் வேலை பாக்கி இருந்தது. நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். எல்லாம் சிரிப்பில் வந்த தண்ணீர் என்று சொல்ல மாட்டேன்.

நிதியை வெட்டச் சொன்ன உறுப்பினரே கடைசியில் வாயைத் திறந்தார். “உங்களுக்கே உடம்பு முடியலைன்னா யாரும்மா பார்ப்பாங்க?”

அக்கா காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். “அதை எழுதலீங்க. எனக்கு முடியாமப் போகக் கூடாதுன்னுதான் ஒன்பது வருஷமா ஓடிட்டிருக்கேன்.”

அக்காவின் நேரம் எப்போதோ முடிந்திருந்தது. மணியை யாரும் தொடவில்லை.

காப்பகம் நான்கு மணி வரை நீடித்தது. கூடவே, பார்த்துக்கொள்பவருக்கு முடியாத நாளில் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பவும் முடிவானது. தெருவிளக்குக்கும் பூங்காவுக்கும் பொதுப்பணம் போகலாம், இந்த இருபத்து மூன்று வீட்டுக்குப் போகக் கூடாதா என்று நான் கேட்க நினைத்திருந்தேன். அதற்குத் தேவையே இல்லாமல் போனது.

போன மாதம் இரண்டு நாளாகத் தையல் கடை பூட்டியே கிடந்தது. பதறி அடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். நகராட்சி அனுப்பிய பெண் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே அக்கா கழுத்து வரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். நெருப்பாய்க் கொதிக்கும் ஜுரம். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“ஒன்பது வருஷத்துல இப்பத்தான்டா ஜுரத்தோட படுத்திருக்கேன்,” என்றார்.

தொந்தரவு செய்யாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.