மாத்திரை மாற்றிக் கொடுத்தவர்

மாத்திரையை விழுங்கிய பிறகு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். எங்கள் மலேரியா இன்ஸ்பெக்டரிடமிருந்து யாரும் இதில் தப்ப முடியாது. பல்செட் கட்டிய பெரியவரானாலும் சரி, ஊர்த் தலைவரானாலும் சரி, "ஆ காட்டுங்க" என்று அவர் நின்றால் நின்றதுதான். முதல் மாத்திரையிலேயே காய்ச்சல் விட்டுவிடும். விட்டதும் ஜனங்கள் மீதி மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமி இரண்டு மாதம் கழித்து சாவகாசமாக எழுந்து வரும். அதைக் கொல்லத்தான் ஐந்து நாள் கொடுக்கும் பழுப்பு மாத்திரை. அந்த ஐந்து நாளும் அவர் சைக்கிளில் வீடு தேடிப் போவார். கண்ணெதிரே விழுங்க வைப்பார். பிறகுதான் அடுத்த வீடு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலையை ஒட்டிய ஒரு சுகாதார நிலையத்தில் லேப் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். விரல் நுனியில் குத்தி அவர் எடுத்துவரும் ரத்தத்தில் மைக்ராஸ்கோப் வைத்துக் கிருமி தேடுவது என் வேலை. கிரிவலக் கூட்டம் போன பிறகு வேலை ஜாஸ்தியாகிவிடும். "கிருமிக்கும் அண்ணாமலையார் மேல பக்திம்மா, பௌர்ணமி தவறாம வந்துடுது" என்று சொல்லிவிட்டு, நான் சிரிக்கும் முன் அவரே சிரித்துவிடுவார். அந்த வயதில் எனக்கு அவர் அறுவை.

அடி அண்ணாமலையில் கற்பூரமும் சோடாவும் விற்ற ஒரு கடைக்காரரின் எட்டு வயது மகனுக்குக் காய்ச்சல். ரத்தத்தில் கிருமியைக் கண்டுபிடித்தவள் நான்தான். அவர் மாத்திரையோடு போன முதல் நாளே பையனின் தாய் தடுத்திருக்கிறாள். "சார், எங்கூடப் பொறந்த தம்பிக்கு முன்னாடி இந்த மாத்திர ஒத்துக்கல. கண்ணெல்லாம் மஞ்சளா ஆயிப்போச்சி" என்றாளாம். அவர் அதை என்னிடம் வந்து வேடிக்கையாகத்தான் சொன்னார். "வீட்டுக்கு வீடு ஒரு சாக்கும்மா. ஒரு வீட்ல விரதம், ஒரு வீட்ல வாந்தி, இந்த வீட்ல தம்பி." நானும் சிரித்தேன். மூன்றாம் நாள், பையனுக்குச் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது என்று அவள் சொன்னபோது, சூடு, மோர் கொடுங்க என்று சொல்லிவிட்டு அன்றைய மாத்திரையையும் கொடுத்திருக்கிறார். நான்காம் நாள் காலையில் பையன் வெளுத்துக் கிடந்தான். அவரே தோளில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ரத்தம் ஏற்பாடு செய்வதற்குள் பையன் போய்விட்டான்.

காரணத்தை அங்கிருந்த டாக்டர்தான் விளக்கினார். சிலருக்குப் பிறவியிலேயே ரத்த அணுவைக் காக்கும் ஒரு பொருள் குறைவாக இருக்கும். வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் தெரியாது. இந்த மாத்திரை உள்ளே போனால் மட்டும் அணுக்கள் உடைந்து கொட்டும். அது தாய்வழியாக வருவது. பெரும்பாலும் பையன்களைத்தான் பாதிக்கும். இதைக் கேட்டதும், "அந்த வீட்ல போய்ச் சொல்லுங்க சார், யார் தப்பும் இல்லன்னு தெரியட்டும்" என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னது நான். அவர் பாரம் குறையட்டும் என்று நினைத்தேன். இன்றுவரை அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் என்னை மன்னிக்கவில்லை.

காரியம் முடிந்த பிறகு அவர் போய்ச் சொன்னார். அவர் சொன்னதெல்லாம் காற்றில் போய், தாய்வழி என்ற ஒரு சொல் மட்டும் அந்த வீட்டில் தங்கியது. "உன் ரத்தந்தாண்டி என் பேரனத் தின்னுச்சி" என்று மாமியார் கத்த, புருஷன் வாயே திறக்கவில்லை. ஒரு மாதத்துக்குள், ஐந்து வயது மகளோடு அவளைத் தாய்வீட்டுக்கு பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். விஷயம் தெரிந்த அன்று அவர் என் லேபில் வந்து உட்கார்ந்தார். "நல்லது பண்றேன்னு போயி அந்தப் பொண்ணு தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டேம்மா" என்றார். கொண்டுவந்த சோற்றைக்கூடத் திறக்கவில்லை.

மறுநாள் அந்தக் கடை முன்னால், ஊர்க்காரர்கள் நிற்கும்போது அவர் சொன்னார்: "நான் சொன்னது பொய். தப்பிச்சிக்கத்தான் அப்படிச் சொன்னேன். பெரியவங்களுக்குக் குடுக்கறத கொழந்தைக்கு மாத்திக் குடுத்துட்டேன். அந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்லீங்க." பையனின் அப்பா அவரை அறைந்தார். பிறகு மனு, விசாரணை, எல்லாம். கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். அளவு சரியான அளவுதான். அது எனக்குத் தெரியும். விசாரணைக்கு என்னைக் கூப்பிடுவதற்கு முன் அவர் சொன்னது இவ்வளவுதான்: "நீ வாயத் தொறந்தா அந்தப் பொண்ணு மறுபடி பஸ் ஏறணும்மா." நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் புருஷன் வீட்டுக்குத் திரும்பியிருந்த அவள் அங்கேயே இருந்தாள். அவரைச் சம்பளம் குறைத்து மலைப்பக்கம் மாற்றினார்கள். பல வருடங்கள் கழித்து வேங்கிக்காலில் அவர் இறந்தபோது, சாவு வீட்டுப் பந்தலிலேயே ஒருவர் இன்னொருவரிடம், "மாத்திர மாத்திக் குடுத்தாரே, அவருதான்" என்று அடையாளம் சொன்னதை என் காதால் கேட்டேன்.

இரண்டாயிரங்களின் கடைசியில் நான் டவுனில் வேறொரு லேபில் இருந்தேன். ஆப்பிரிக்காவில் மலேரியாவுக்குத் தடுப்பூசி போட்டுப் பார்க்கிறார்கள் என்று பேப்பரில் வந்த சமயம். "ஊசி வந்துட்டா மாத்திரை தொல்லையே இல்ல மேடம்" என்று லேப் பெண்கள் குதித்தார்கள். எங்கள் டாக்டர், "ஊசியும் எல்லார் உடம்புலயும் ஒரே மாதிரி பிடிக்கும்னு சொல்ல முடியாதும்மா. அதுலயும் பொறப்பு வாகு உண்டு" என்றார். எனக்கு அடி அண்ணாமலைதான் ஞாபகம் வந்தது. அடுத்த வாரமே அந்தத் தாய் என் எதிரில் வந்து நின்றாள்.

அன்று ஐந்து வயதாக இருந்த மகள் பெரியவளாகி, கையில் இரண்டு வயதுப் பிள்ளையோடு பின்னால் நின்றாள். பிள்ளைக்கு மலேரியா. "லேப் அம்மாதான நீங்க? மாத்திரைய நல்லா பாத்துக் குடுக்கச் சொல்லுங்கம்மா. ஒரு பாவி மாத்திக் குடுத்துதான் எம் புள்ள போச்சி" என்றாள் அவள். சரியான மாத்திரையே இந்தப் பிள்ளைக்கு எமன் என்பது அவளுக்குத் தெரியாது. அவளைக் காப்பாற்றிய பொய், பேரனைக் காவு கேட்டபடி நின்றது. டாக்டரிடம் சொல்லிப் பரிசோதனை செய்தோம். அதே குறைதான்.

அவளைத் தனியாக பெஞ்சில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் தம்பி, உங்கள் மகன், இப்போது இவன் என்று விரல் விட்டுச் சொன்னேன்.

"அப்ப அவரு மாத்திக் குடுக்கலயா?"

"இல்லம்மா. உங்கள வீட்ல சேத்துக்கணும்னு சொன்ன பொய்."

"வௌக்கேத்தும்போதெல்லாம் அவரு நாசமாப் போவணும்னு வேண்டுவேனே" என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "அவரு இருக்காராம்மா?"

இல்லை என்றேன். அவள் அழுத அழுகையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அப்போது மருமகன் பிள்ளைக்குப் பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு படியேறி வந்தார். நான் வாயெடுக்கும் முன் அவள் எழுந்து கும்பிட்டபடி அவர் முன்னால் போய் நின்றாள். "மாப்ள, கொழந்தைக்கு ஒரு மாத்திர ஆவாதாம். இது எங்கிட்டருந்து வந்தது. எம் பொண்ணத் தப்பா நெனைக்காதீங்க" என்றாள். சொல்லிவிட்டு அடி விழக் காத்திருப்பவள் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். "எந்த மாத்திர மேடம்? ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க, வீட்ல ஒட்டி வெக்கறேன்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். அன்று அந்த வீட்டில் ஒரே ஒருவர் இப்படிக் கேட்டிருந்தால் போதும். எங்கள் இன்ஸ்பெக்டர் அந்தக் கடை முன்னால் போய் நின்றிருக்க வேண்டியதில்லை.